நிற்கும் குதிரை தோற்கும்! நெப்போலியன் படையைக் காப்பாற்றிய முராவின் கதை

நெப்போலியன் காலப் போர்களை மேஜை மேல் பொம்மைப் படைகளை வைத்து விளையாடும் பழக்கம் இன்றும் பல நாடுகளில் இருக்கிறது. அதில் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைச் செய்வார்கள். எதிரி பாய்ந்து வரும்போது தங்கள் குதிரைப்படையை அசையாமல் நிற்க வைத்துவிடுவார்கள். அவ்வளவுதான், ஆட்டம் முடிஞ்சுது.

தற்காப்பு என்றால் நின்று தாங்குவதுதானே? காலாட்படைக்கு அது சரி. குதிரைப்படைக்கு அது சரிப்படாது. இதைப் புரிந்துகொள்ள ஒரு மனிதரின் கதை போதும். அவர் பெயர் ஜோவாகிம் முரா.

யார் இந்த முரா?

1767 மார்ச் 25-ம் தேதி, பிரான்சின் தென்மேற்கில் ஒரு சின்ன ஊரில் பிறந்தார். அப்பா விடுதி நடத்தியவர். மகனைப் பாதிரியார் ஆக்க வேண்டும் என்பது வீட்டின் ஆசை. பையனுக்கோ குதிரை மேல்தான் கண். 1787-ல் குதிரைப்படையில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்துவிட்டார்.

திருப்பம் 1795 அக்டோபரில் வந்தது. பாரிஸில் அரசுக்கு எதிராகக் கலகம். அதை அடக்கும் பொறுப்பில் இருந்த இளம் தளபதி நெப்போலியனுக்குப் பீரங்கிகள் தேவைப்பட்டன. ராத்திரியோடு ராத்திரியாகப் போய் 40 பீரங்கிகளைக் கொண்டுவந்து சேர்த்தவர் முரா. அன்றிலிருந்து இருவரின் பாதையும் ஒன்றானது.

இத்தாலி, எகிப்து என்று கூடவே போனார். 1799-ல் அபூகிர் சண்டையில் தாடையில் குண்டு பாய்ந்தது. 1800-ல் நெப்போலியனின் தங்கை கரோலினைக் கல்யாணம் செய்துகொண்டார். 1804-ல் மார்ஷல் பட்டமும் கிடைத்தது. தகதகக்கும் உடை, தொப்பியில் இறகு என்று போர்க்களத்தில் எங்கிருந்து பார்த்தாலும் ஆள் தெரிவார்.

ஐலாவில் என்ன நடந்தது?

1807 பிப்ரவரி 8. கிழக்கு பிரஷ்யாவில் ஐலாவ் என்ற ஊர். இன்று அது ரஷ்யாவின் கலினின்கிராட் பகுதியில் இருக்கிறது. எதிரே ரஷ்யப் படை. கொட்டும் பனி.

பிரெஞ்சுத் தளபதி ஓஜெரோவின் படை பனிப்புயலில் திசை தப்பி, நேராக ரஷ்யப் பீரங்கிகளின் வாய்க்கு முன்னால் போய் நின்றது. கொஞ்ச நேரத்தில் அந்தப் படையே சிதைந்துபோனது. பிரெஞ்சு அணியின் நட்ட நடுவில் பெரிய ஓட்டை. ரஷ்ய வீரர்கள் நெப்போலியன் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார்கள்.

அந்த ஓட்டையை அடைக்கக் காலாட்படை போதவில்லை. கையில் மிச்சம் இருந்தது முராவின் குதிரைப்படைதான். சுமார் 80 ஸ்குவாட்ரன்கள், ஏறக்குறைய 10,000 குதிரை வீரர்கள். மொத்தமாகப் பாய்ந்தார்கள். ரஷ்ய வரிசைகளைக் கிழித்துக்கொண்டு, பீரங்கிகளைத் தாண்டி மறுபக்கம் போனார்கள். அங்கே மறுபடி அணிசேர்ந்து, வந்த வழியே வெட்டிக்கொண்டு திரும்பினார்கள்.

இதற்கு விலை உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரை வீரர்கள் செத்தார்கள் அல்லது காயமடைந்தார்கள். ஆனால் மையம் பிழைத்தது. மற்ற படைகள் வந்து சேர நேரம் கிடைத்தது. அன்று யாருக்கும் தெளிவான வெற்றி இல்லை. ராத்திரி ரஷ்யர்கள் பின்வாங்கினார்கள்.

இதில் என்ன தந்திரம்?

பார்க்கத் தாக்குதல் போலத் தெரிந்தாலும், ஐலாவ் பாய்ச்சல் உண்மையில் தற்காப்பு. குதிரைப்படையின் பலம் அதன் வேகம். நின்றுகொண்டே அடி வாங்கினால் அந்தப் பலம் போய்விடும். அதனால்தான் பல மேஜை விளையாட்டு விதிகளிலும், நின்று எதிர்கொள்ளும் குதிரைப்படைக்குப் பாதகம். எதிர்ப்பாய்ச்சல் செய்தால் சாதகம்.

சுருக்கமாகச் சொன்னால் மூன்று விஷயம்:

ஒன்று, குதிரைப்படையை முன்வரிசைக்குப் பின்னால், பீரங்கிக் குண்டு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இரண்டு, எதிரி முன்னேறி அணி குலையும் வரை பொறுங்கள். சதுர வியூகத்தில் உறுதியாக நிற்கும் காலாட்படை மேல் குதிரையை விட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

மூன்று, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இறக்காதீர்கள். பாய்ந்து முடித்த குதிரை களைத்திருக்கும். அப்போது எதிரியின் புதிய குதிரைகள் வந்தால் காப்பாற்ற ஒரு அணி கையிருப்பில் வேண்டும்.

அடக்கம் தெரியாத ஆள்

போர்க்களத்தில் சரியான நொடியை அறிந்த முராவுக்கு, குதிரைகளைப் பேணத் தெரியவில்லை. 1808-ல் நேப்பிள்ஸின் ராஜா ஆனார். விடுதிக்காரர் மகனுக்கு மகுடம்! 1812-ல் ரஷ்யப் படையெடுப்பில் முன்னணிக் குதிரைப்படையை ஓய்வில்லாமல் விரட்டினார். தீனியும் இல்லை. குதிரைகள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. திரும்பி வரும்போது குதிரைப்படை என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. 1813-ல் ஜெயித்த சண்டைகளில்கூட எதிரியைத் துரத்த நெப்போலியனிடம் போதிய குதிரைகள் இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

1814-ல், மகுடத்தைக் காப்பாற்றிக்கொள்ள, மைத்துனரைக் கைவிட்டு ஆஸ்திரியாவோடு சேர்ந்தார் முரா. அடுத்த ஆண்டே மனம் மாறி அதே ஆஸ்திரியா மேல் போர் தொடுத்தார். 1815 மே மாதம் டொலன்டினோவில் தோல்வி. பிரான்சுக்கு ஓடிவந்தவரை நெப்போலியன் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஜூன் 18, வாட்டர்லூ. அன்று பிரெஞ்சுக் குதிரைப்படையைப் பாயவிட்டவர் மார்ஷல் நே. காலாட்படை துணை போதாமல், பிரிட்டிஷ் சதுரங்கள் மேல் அலை அலையாக மோதினார். ஒரு சதுரமும் உடையவில்லை. கையிருப்பும் கரைந்தது. முரா இருந்திருந்தால் கதை மாறியிருக்குமா என்ற கேள்வி இன்றும் விளையாட்டு மேஜைகளைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது.

முராவின் கடைசிப் பாய்ச்சல் அதே ஆண்டு அக்டோபரில். இழந்த ராஜ்யத்தை மீட்க, கையளவு ஆட்களோடு தெற்கு இத்தாலியின் பிட்ஸோவில் இறங்கினார். மக்கள் கூடவே வருவார்கள் என்று நினைத்தார். அவர்களே பிடித்துக் கொடுத்தார்கள். அக்டோபர் 13-ம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 48.

ஐலாவில் அவர் பாய்ந்தபோது பின்னால் ஒரு படையே இருந்தது. பிட்ஸோவில் பின்னால் யாருமே இல்லை.