நெல்சன் தெருவின் இரும்பு வளையம்

பல ஆண்டுகளுக்கு முன்பு, இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்த உறவினர் ஒருவரை நாங்கள் நால்வர் அள்ளித் தூக்கி ஆட்டோவில் கிடத்தினோம். முறிந்த கால் தொங்கியபடியே வந்தது. விழுந்ததைவிட நாங்கள் தூக்கிவந்த விதமே அவருக்குப் பெரிய ஆபத்து என்று மருத்துவர் கடிந்துகொண்டார். பிறகு, ஒரு வளையமும் இரு கம்பிகளும் கொண்ட சட்டத்தில் அந்தக் காலை இழுத்துக் கட்டினார். அதன் பெயர் தாமஸ் ஸ்பிளின்ட். அந்தத் தாமஸ் யார் என்று அறியும் ஆவல் அன்றுதான் எனக்குப் பிறந்தது.

ஹியூ ஓவன் தாமஸ் 1834-இல் வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவில் பிறந்தார். தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டும் குடும்பம் அவருடையது. லிவர்பூல் துறைமுக நகரில் தொழில் செய்த அவருடைய தந்தைக்குக் கைத்திறன் இருந்தது, பட்டம் இல்லை. அதனால் மருத்துவர்களின் பகையும் வழக்குகளும் அவரைத் தொடர்ந்தன. தம் பிள்ளைகளுக்கு அந்த நிலை வரக்கூடாது என்று ஐந்து மகன்களையும் அவர் மருத்துவம் படிக்க வைத்தார். எடின்பரோவிலும் லண்டனிலும் பயின்ற ஹியூ, 1857-இல் அறுவை மருத்துவராகத் தகுதி பெற்றார். தந்தையோடு சேர்ந்து நடத்திய தொழில் நெடுநாள் நீடிக்கவில்லை, தனியே பிரிந்தார்.

லிவர்பூல் நெல்சன் தெருவிலிருந்த அவர் வீட்டில் மருத்துவமனையோடு ஒரு பட்டறையும் இருந்தது. கொல்லரும் தோல் வேலைக்காரரும் அங்கேயே கருவிகளைச் செய்து கொடுத்தனர். கப்பல்துறைக் கூலிகளே அவருடைய பெரும்பாலான நோயாளிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழைகளுக்கு இலவச சிகிச்சை. கழுத்துவரை பொத்தானிட்ட கறுப்புக் கோட்டும், பழுதுபட்ட ஒரு கண்ணை மறைக்கச் சரித்து அணிந்த தொப்பியும் அவருடைய அடையாளங்கள். எந்தப் பெரிய மருத்துவமனையிலும் அவர் பதவி வகித்ததில்லை.

நோயுற்ற மூட்டையும் முறிந்த எலும்பையும் வெட்டி எறிவதற்கு மருத்துவ உலகம் அவசரப்பட்ட காலம் அது. இடையறாத, நீண்ட, கட்டாயமான ஓய்வு கொடுத்தால் உடல் தன்னைத்தானே சீர்செய்துகொள்ளும் என்று தாமஸ் வாதாடினார். முழங்கால் மூட்டு நோய்க்காகவே அவர் அந்தச் சட்டத்தை முதலில் உருவாக்கினார். 1875-இல் வெளியான தம் நூலில் இத்தகைய கருவிகளை விளக்கினார். ஆனால், நூல்களில் எதிர்த்தரப்பைக் கடுமையாகச் சாடும் இயல்பு அவருக்கு நண்பர்களைச் சேர்க்கவில்லை. 1891-இல், 56 வயதில் அவர் மறைந்தபோது ஏழைத் தொழிலாளர்கள் திரளாக வந்து அழுதனர். மருத்துவ உலகமோ பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

அந்தப் புறக்கணிப்பின் விலை முதல் உலகப் போரில் தெரிந்தது. தொடை எலும்பு முறிந்ததும் வலிமையான தசைகள் சுருங்கி, முறிந்த முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இழுக்கின்றன. கூரிய முனைகள் சதையையும் நாளங்களையும் கிழிக்கின்றன. ஒரு லிட்டருக்கும் மேல் குருதி தொடைக்குள்ளேயே தேங்கக்கூடும். போரின் தொடக்க ஆண்டுகளில் குண்டடிபட்டுத் தொடை எலும்பு முறிந்தவர்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தினர் இறந்தனர் என்பது போர்க்கால மருத்துவர்களின் கணிப்பு.

தாமஸுக்குக் குழந்தைகள் இல்லை. அவரிடம் தொழில் பழகிய உறவினர் ராபர்ட் ஜோன்ஸ்தான் அந்தச் சட்டத்தைப் போர்முனைக்குக் கொண்டுசென்றார். வளையத்தை இடுப்படியில் பொருத்தி, பூட்ஸைக் கழற்றாமலே காலை நீட்டி இழுத்து, சட்டத்தின் மறுமுனையில் கட்டவேண்டும். இருட்டிலும் பிழையின்றிச் செய்ய, தூக்குக்கட்டில் சுமப்பவர்களுக்குக் கண்ணைக் கட்டிப் பயிற்சி அளித்தனர். 1917-இல் அராஸ் போரில் இத்தகைய காயமுற்றோரிடையே இறப்பு சுமார் 16 சதவீதமாகக் குறைந்தது. விரைந்த அறுவை சிகிச்சைக்கும் இதில் பங்கு உண்டு. ஆயினும், காயம்பட்ட இடத்திலேயே காலை அசையாமல் நிறுத்தியதே முதற்படி.

கருவி பிறந்து நாற்பது ஆண்டுகளாகியிருந்தன. சொன்னவர் யார் என்று பார்த்தவர்கள், சொன்னது என்ன என்று பார்த்திருந்தால் எத்தனை இளைஞர்கள் பிழைத்திருப்பார்கள்!

அந்தச் சட்டத்தைப் பொருத்துவது பயிற்சி பெற்றவர்களின் பணி. நம் பணி எளிது: 108-ஐ அழைப்பது, காலை அசையவிடாமல் காப்பது, அவசரப்பட்டு அள்ளித் தூக்காமல் இருப்பது. என் உறவினர் பிழைத்தார். ஆனால், நல்லெண்ணம் மட்டுமே ஓர் உயிரைக் காப்பாற்றிவிடாது என்பதை நான் மறக்கவில்லை.