இல்லமும் எழுத்தும்: வை.மு. கோதைநாயகி

நுழையும்முன்

பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். ஐந்தரை வயதில் மணமுடிக்கப்பெற்றவர். கூட்டுக்குடும்பத்தின் மருமகளாகவும் தாயாகவும் வாழ்ந்துகொண்டே நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களைப் படைத்தவர் வை.மு. கோதைநாயகி. குடும்பப் பொறுப்புகளுக்கு இடையே ஒரு பெண் எவ்வாறு படைப்பாளராக உருவானார் என்பதை அவர்தம் வாழ்வின் வழியே அறிவோம்.

கேள்விச் செல்வம்

கோதைநாயகி 1901ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாளில், காஞ்சிபுரத்தை அடுத்த நீர்வளூரில் வேங்கடாச்சாரி, பட்டம்மாள் இணையருக்கு மகளாகப் பிறந்தார். ஓராண்டு நிரம்பும் பருவத்திலேயே தாயை இழந்த அவரைப் பாட்டியும் சிற்றப்பாவும் வளர்த்தனர். சிற்றப்பாவிடம் பக்தி இலக்கியங்களையும் இதிகாசக் கதைகளையும் செவிவழியாகக் கற்றார். பெண்கல்வி அரிதாக இருந்த அக்காலத்தில், அவருக்குக் கிடைத்த கல்வி பெரும்பாலும் கேள்விக் கல்வியாகவே அமைந்தது.

1907ஆம் ஆண்டு, சென்னைத் திருவல்லிக்கேணியைச் சேர்ந்த வை.மு. பார்த்தசாரதிக்கு அவர் மணமுடித்து வைக்கப்பட்டார். புகுந்த வீடும் கற்றலுக்கு இடமளித்தது. மாமியார் அவருக்குத் தெலுங்கு கற்பித்தார். கணவர் அவரை நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். மேடையில் கண்ட பாத்திரங்களும் உரையாடல்களும் அவருடைய கற்பனையைத் தூண்டின.

சொல்லிலிருந்து எழுத்துக்கு

குழந்தைகளுக்கும் தோழியருக்கும் கதை சொல்வதில் கோதைநாயகி வல்லவர். கேட்ட கதைகளோடு தாமே புனைந்த கதைகளையும் சுவைபடச் சொல்வார். ஆனால், மனத்தில் விரைந்தோடிய கதைக்கு ஈடாக அவருடைய கை ஓடவில்லை. படிக்கத் தெரிந்திருந்தும் தடையின்றி எழுதும் பயிற்சி அவருக்கு இல்லை. நாட்டில் எத்தனையோ தாய்மார்கள் சொன்ன கதைகள் குழந்தைகள் உறங்கியதும் மறைந்துபோயின. அவருடைய கதைகளும் அவ்வாறே மறைந்திருக்கக்கூடும்.

அந்நிலையில் உதவ முன்வந்தவர், அவருடைய தாயின் பெயரையே கொண்ட தோழி பட்டம்மாள். கோதைநாயகி சொல்லச் சொல்லப் பட்டம்மாள் எழுதினார். இவ்வாறு உருவான ‘இந்திர மோகனா’ என்னும் நாடகம் 1924இல் நூலாக வெளிவந்து அறிஞர்களின் பாராட்டைப் பெற்றது. பிறர் கையை எந்நாளும் நம்பியிருக்க இயலாது என உணர்ந்த கோதைநாயகி, அத்தோழியிடமே எழுதக் கற்றுக்கொண்டார். பாராட்டுப் பெற்ற பின்னும் தொடக்க மாணவரைப்போல அமர்ந்து எழுத்துப் பயின்ற அந்தப் பணிவே அவர் அடைந்த வளர்ச்சிக்கெல்லாம் அடித்தளம் எனலாம்.

ஜகன்மோகினி

துப்பறியும் நாவல்களால் புகழ்பெற்றிருந்த வடுவூர் துரைசாமி ஐயங்காரின் வழிகாட்டுதல் அவருக்குக் கிடைத்தது. வெளிவராமல் நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ என்னும் இதழை 1925இல் விலைக்கு வாங்கித் தாமே ஆசிரியரானார். அவருடைய முதல் நாவலான ‘வைதேகி’ அதில் வெளிவந்தது. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அவ்விதழோடு அவர் வாழ்வு பிணைந்திருந்தது.

இல்லறப் பணிகளுக்கு இடையே நெடுநேரம் தொடர்ந்து எழுதும் வாய்ப்பு எளிதில் கிட்டுவதில்லை. தொடர்கதையோ பகுதி பகுதியாக வளர்வது. கிடைத்த சிறு பொழுதுகளிலும் அதனை எழுதிச் செல்ல இயலும். அதேவேளையில், மாதந்தோறும் வாசகர் காத்திருப்பர் என்பதால் எழுத்தைத் தள்ளிப்போடவும் இயலாது. இதழின் இந்தக் கட்டாயம் அவருடைய எழுத்தை ஓய்வுநேரப் பொழுதுபோக்காக இல்லாமல், அன்றாடக் கடமைகளுள் ஒன்றாக்கியது. அதன் பயனாக 115 நாவல்கள் அவரிடமிருந்து பிறந்தன. குழந்தை மணத்தின் கொடுமை, கைம்பெண் மறுமணம், மதுவின் தீமை முதலியன அவற்றின் பொருளாயின. அடுக்களையிலும் கூடத்திலும் அவர் கண்ட பெண்களின் துயரங்களே கதைகளாயின.

வீட்டுக்கு வெளியே பெண்ணொருத்தி பெயர் விளங்குவதைப் பொறாதவர்கள் அவரை ஏளனம் செய்தனர். அவற்றுக்கெல்லாம் எழுத்தையே அவர் விடையாக்கினார். அவருக்குத் துணையாகக் கணவர் உறுதியுடன் நின்றார்.

சிறையிலும் எழுத்து

1925இல் சென்னைக்கு வந்த காந்தியடிகளைச் சந்தித்தது அவர் வாழ்வின் திருப்புமுனை. பட்டாடைகளையும் அணிகலன்களையும் துறந்து கதராடை பூண்டார். மேடையேறி உரையாற்றினார், இனிய குரலால் நாட்டுப்பற்றுப் பாடல்களைப் பாடினார். அந்நியத் துணி எதிர்ப்புப் போராட்டத்தில் ஈடுபட்டு 1932இல் சிறை சென்றார். தாயும் இதழாசிரியருமான ஒருவருக்குச் சிறைவாழ்வு இருமடங்கு பிரிவாகும். ஆயினும், உடனிருந்த பெண்களின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டறிந்து, ‘சோதனையின் கொடுமை’ என்னும் நாவலைச் சிறையிலேயே எழுதினார். குழந்தைகளுக்குக் கதை சொல்லித் தொடங்கியவர், இப்போது பிறர் கதையைக் கேட்டு எழுதுபவராக உயர்ந்திருந்தார்.

அவருடைய ‘ராஜமோகன்’, ‘அநாதைப் பெண்’ முதலிய கதைகள் திரைப்படங்களாயின. காந்தியடிகளின் மறைவுக்குப் பின் சமூகப் பணியிலும் ஈடுபட்ட அவர், வினோபாவின் பூமிதான இயக்கத்திற்கு நிலம் வழங்கினார்.

இறுதிக்காலம்

1956ஆம் ஆண்டு, அவருடைய ஒரே மகன் சீனிவாசன் காலமானார். ஏளனத்தையும் சிறையையும் தாங்கிய உள்ளத்தை இத்துயரம் உலுக்கியது. உடல்நலம் குன்றிய கோதைநாயகி, 1960ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் மறைந்தார். ஆறாண்டுகளுக்குப் பின், அவருடைய நாவலைத் தழுவி ‘சித்தி’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. குடும்பத்திற்காகத் தன் விருப்பங்களைத் துறக்கும் பெண்ணின் கதை அது.

கோதைநாயகியின் வாழ்வைத் தனியொருவரின் முயற்சி என்று மட்டும் சொல்லி முடித்தல் முழுமையாகாது. கற்பித்த சிற்றப்பா, மொழி வழங்கிய மாமியார், எழுதித் தந்த தோழி, துணைநின்ற கணவர் எனப் பலர் தத்தம் பங்கை அளித்தனர். அவர்கள் அளித்ததை இடைவிடாத உழைப்பால் பன்மடங்காகப் பெருக்கியவர் கோதைநாயகி. இல்லத்தில் ஒரு பெண்ணுக்குச் சிறிது நேரமும் சிறிது துணையும் கிடைத்தால், ஒரு மொழிக்கே நூற்றுக்கணக்கான கதைகள் கிடைக்கும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. அத்துணை கிடைக்காமையால் எழுதப்படாமலே போன கதைகள் எத்தனை என்பதையும் அவ்வாழ்வு நம்மை எண்ணிப்பார்க்கச் செய்கிறது.