சிங்கப்பூர் கண்ட நாராயண பிள்ளை



நம் பெருங்குடியில் மாலைப்பொழுதில் இராஜீவ் காந்தி சாலையோரம் நின்று நோக்குவார்க்கு ஒன்று விளங்கும். கணினித் தொழில் நிலையங்களினின்று வெளிப்போதும் இளைஞர் பலர் அயல்நாடு செல்வதைப் பற்றியே பேசிச் செல்கின்றனர். நம் குடும்பங்களிலும் இப்பேச்செழாத இல்லம் அரிது. தொழில்வல்லோர் பிறநாடு புகுதல் அந்நாட்டார்க்கு ஆக்கமோ கேடோ என்னும் வினா உலகெங்கும் வழக்காடப்படுகின்றது. இதனை ஒருவர் வாழ்க்கையைக் கொண்டு ஆராய்தல் எளிதாகலின், நாராயண பிள்ளையவர்களின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்க வரைகின்றோம்.

பிள்ளையவர்கள் பினாங்கிலே அலுவல் பார்த்திருந்தவர். 1819-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 6-ஆம் நாள் சர் ஸ்டாம்போர்டு இராபிள்ஸ் என்னும் ஆங்கிலேயர் உடன்படிக்கை செய்து, சிங்கப்பூரில் கிழக்கிந்தியக் கும்பினியாரின் வாணிக நிலையத்தை நாட்டினர். அவ்வாண்டு மே மாத இறுதியில் அவர் மீண்டும் அங்கே சென்றபொழுது, இந்தியானா என்னும் கப்பலிற் பிள்ளையவர்களும் உடன் சென்றனர். கருவூலத்தில் நாணயங்களின் தரமறிதலே அவர்க்கு முதலில் வாய்த்த பணி.

டச்சுக்காரர் தம் துறைகளிற் சுங்கம் வாங்கிவந்த காலத்தில், இராபிள்ஸ் புதிய துறையைச் சுங்கமில்லாத் துறையாக்கினர். அதனாற் பல நாட்டு வணிகரும் அங்கே வந்து குவிந்தனர். ஆயின், வந்தோர் தங்க வீடில்லை. வீடு கட்டச் செங்கல்லில்லை. கட்டுவார் தொகையும் போதவில்லை. இக்குறையே பிள்ளையவர்கட்கு வழி காட்டிற்று. தஞ்சோங் பகாரிற் சூளை அமைத்தனர். பினாங்கிலுள்ள நண்பர்க்கு எழுதிக் கொத்தரையும் தச்சரையும் வருவித்தனர். அந்நகரின் முதற் கட்டட ஒப்பந்தக்காரர் இவரேயென்பர்.

அங்ஙனம் வந்த கொத்தர் எவருடைய உணவையேனும் பறித்தனரோ? இல்லை. அவர் அடுக்கிய செங்கல்லால் வீடுகள் எழுந்தன. வீடுகளாற் கடைகளும், கடைகளாற் சுமப்பார்க்கும் விற்பார்க்கும் வேலையும் உண்டாயின. உழைப்போன் ஓரூர்விட்டு வேறூர் செல்லுதலைச் சட்டத்தால் தடுத்தல் தவறென்று ஆடம் ஸ்மித் 1776-இலேயே தம் நூலில் வாதித்தனர். அக்கருத்தின் உண்மையை இச்சூளை காட்டிற்று.

பிள்ளையவர்கள் துணிக்கடையும் வைத்துச் செழித்தனர். 1822-இல் அக்கடை தீக்கிரையாகவே, கடன் அவரைச் சூழ்ந்தது. அந்நிலையில் இராபிள்ஸை அணுகி வேறிடம் பெற்று மீண்டும் எழுந்தனர். அங்காடி தானே அவரைத் தூக்கிவிடவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. முயற்சியோடு ஆள்வோரின் துணையும் வேண்டியிருந்தது.

அத்துணை எல்லார்க்கும் வாய்த்ததன்று. 1825 முதல் இந்தியக் கைதிகள் அந்நகர்க்குக் கொணரப்பட்டனர். சாலைகளையும் கட்டடங்களையும் அமைத்ததில் அவர் உழைப்புப் பெரிது. செங்கல் அறுத்தலும் தச்சும் அவரும் கற்றனர். கைவன்மை இருந்தும் உரிமையின்மையின் அவர் பெயர்கள் மறைந்தன. தொழில்வன்மையும் உரிமையும் ஒருங்கு அமைந்தாலன்றி உழைப்பின் பயன் உழைத்தானைச் சேராது.

பிள்ளையவர்கள் தம் ஆக்கத்தைத் தமக்கென்றே வைத்துக்கொண்டாரல்லர். சோழமண்டலக் கரையினின்று வந்தோர்க்குத் தலைவராக அமர்த்தப்பெற்று, அவர்தம் பிணக்குகளைத் தீர்த்தனர். 1827-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலை மரத்தாலும் கீற்றாலும் எழுப்பினர். புதிதாய் வந்தோர் வேலை கிடைக்குமளவும் தங்கும் நிழலாயிற்று அக்கோயில். 2019-இல் அந்நகரின் இருநூறாம் ஆண்டினை முன்னிட்டு ஆற்றங்கரையில் அவர்க்குச் சிலையும் நிறுவப்பட்டது.

பண்டங்களுக்குப் பெரும்பாலும் சுங்கமில்லாத அதே துறையில், மனிதர்க்கு இன்று துலாக்கோல் உண்டு. உயர்தொழில் அனுமதி வேண்டுவோரின் ஊதியம், படிப்பு முதலியவற்றை மதிப்பெண்ணிட்டு அளக்கும் முறை 2023 செப்டம்பரில் அங்கே நடைமுறைக்கு வந்தது. ஆதலின் நம் இளைஞர் பட்டத்தோடு நில்லாது தொழிலை ஐயமறக் கற்பாராக. தரகர் சொற்கேட்டு வீட்டை அடகுவைத்துச் செல்லற்க. முன்சென்றோர் பின்வருவார்க்கு வழிகாட்டிக் கடிதம் எழுதுவாராக. பிள்ளையவர்கள் பினாங்கிற்கு எழுதிய கடிதமன்றோ பலர்க்கு வாழ்வளித்தது! அவ்வழக்கம் நம் சங்கத்திலும் வேரூன்றுமாயின், இதனை வரைந்த நமக்கு அதுவே போதிய பயனாம்.