ஏளனத்துக்கு அஞ்சாத வித்யாசாகர்

வங்காளத்தில் உள்ள பீர்சிங்கா என்ற சிற்றூரில் 1820-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி பிறந்தவர், ஈசுவர சந்திரர்.

தந்தை தாகூர்தாஸ், பிழைப்புக்காக ஊரை விட்டுக் கல்கத்தா சென்றவர். சொற்பச் சம்பளத்தில் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றி வந்தார். எட்டு வயது மகனைப் படிக்க வைக்க, நடந்தே கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றார். வழியில் இருந்த மைல் கற்களைப் பார்த்தே சிறுவன் ஆங்கில எண்களைக் கற்றுக்கொண்டான்.

சமஸ்கிருதக் கல்லூரியில் படித்து, கல்விக் கடல் என்ற பொருள்படும் "வித்யாசாகர்" பட்டம் பெற்றார். 1851-ல் அதே கல்லூரிக்கு முதல்வரானார்.

குழந்தை விதவைகள்

அந்த நாளில் சிறு வயதிலேயே பெண்களுக்குத் திருமணம் முடித்து விடுவார்கள். கணவன் இறந்தால், விவரம் அறியாத அந்தச் சிறுமி ஆயுள் முழுவதும் விதவை. நல்ல உணவு இல்லை; நல்ல உடை இல்லை; மறுமணம் என்ற பேச்சே கிடையாது.

இந்தக் கொடுமையைக் கண்டு வித்யாசாகர் மனம் குமுறினார். மறுமணத்துக்கு சாஸ்திரத்தில் இடம் உண்டு என்று பராசர ஸ்மிருதியை ஆதாரம் காட்டி, 1855-ல் நூல் எழுதினார். ஒரே வாரத்தில் 2 ஆயிரம் பிரதிகள் விற்றுத் தீர்ந்தன.

எதிர்ப்பும் புயலாகக் கிளம்பியது. பண்டிதர்கள் மறுப்பு நூல்கள் வெளியிட்டனர். "சம்வாத் பிரபாகர்" பத்திரிகையின் ஆசிரியர் ஈசுவர குப்தர், கேலிப் பாடல்கள் எழுதினார். மிரட்டல்களும் வந்தன. வித்யாசாகர் வசைக்கு வசை பாடவில்லை. எதிர்ப்பாளர்களின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதே ஆண்டில் இரண்டாவது நூலில் பதில் சொன்னார்.

ஆயிரமும், 36 ஆயிரமும்

சட்டம் கோரி அவர் அரசாங்கத்துக்கு அனுப்பிய மனுவில் கையெழுத்திட்டவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். ராதாகாந்த தேவ் தலைமையில் சென்ற எதிர்ப்பு மனுவிலோ 36 ஆயிரத்துக்கும் அதிகமான கையெழுத்துகள்!

ஆனாலும் வித்யாசாகர் தளரவில்லை. சட்டசபையில் கிராண்ட் என்பவர் மசோதாவைக் கொண்டு வந்தார். யாரையும் கட்டாயப்படுத்தும் சட்டம் அல்ல. விரும்பிய பெண்ணுக்கு உள்ள தடையை நீக்கும் சட்டம். 1856 ஜூலையில் அது நிறைவேறியது.

சொந்த வீட்டில்

சட்டம் வந்ததோடு வேலை முடிந்து விடவில்லை. மணமுடிக்க யாரும் துணியாவிட்டால் அது வெறும் காகிதம்தானே? 1856 டிசம்பர் 7-ந் தேதி, போலீஸ் காவலுடன் கல்கத்தாவில் முதல் மறுமணத்தை நடத்தி வைத்தார். தொடர்ந்து பல திருமணங்களுக்குத் தாமே செலவு செய்தார். உதவுவதாகச் சொன்ன செல்வந்தர்கள் பலர் கைவிட்டனர். அவர் கடனாளி ஆனார்.

1870-ல் அவருடைய ஒரே மகன் நாராயண சந்திரர், ஒரு விதவைப் பெண்ணை மணந்தார். உறவு அறுந்து போகும் என்று சொந்தக்காரர்கள் எச்சரித்தனர். வித்யாசாகர் அசையவில்லை. ஊருக்கு உபதேசம் செய்து விட்டுத் தன் வீட்டில் தடுத்தால், வெளியில் தலைகாட்ட முடியுமா என்பதே அவர் எண்ணம்.

கடைசிக் காலத்தில் கர்மாடர் என்ற ஊரில் சந்தால் பழங்குடி மக்களுடன் பழகி, அவர்களுக்கு ஓமியோபதி மருந்து கொடுத்து வந்தார். 1891 ஜூலை 29-ந் தேதி கல்கத்தாவில் காலமானார்.

அவரை எதிர்த்துக் கையெழுத்திட்ட 36 ஆயிரம் பேரின் பெயர்கள் இன்று யாருக்கும் நினைவில்லை. வித்யாசாகர் பெயர் நிலைத்து நிற்கிறது.