கிண்ணம் கிட்டாத தேயிலை வணிகர்

அப்புத்தளையிலிருந்து தம்பேத்தன்னைத் தோட்டத்தினூடாக மேலே ஏறிச் சென்றால் மலையுச்சியில் ஓரிடம் வரும். ‘லிப்டன் சீற்’ என்று அதற்குப் பெயர். சேர் தோமஸ் லிப்டன் தமது தோட்டங்களைப் பார்வையிட அங்கே வந்து அமர்வார் என்பது வழக்கு. தேயிலைப் பக்கற்றில் அவருடைய பெயரைக் கண்டிராத வீடு நம் நாட்டில் அரிது. ஆனால் அம்மனிதரின் உள்ளம் தேயிலையைவிடக் கடலையே அதிகம் நாடியது என்பதை நம்மிற் பலர் அறியார்.

1848ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிலே பிறந்தவர் லிப்டன். பெற்றோர் அயர்லாந்தின் வடபகுதியைச் சேர்ந்த புரட்டஸ்தாந்து சபையினர். உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சம் தலைவிரித்தாடிய காலத்தில் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த ஏழைகள். உடன்பிறந்தோர் யாவரும் இளமையிலேயே இறந்துபோக, இவர் ஒருவரே எஞ்சினார். தாயும் தந்தையும் கிறவுண் வீதியில் ஒரு சிறு கடை வைத்து முட்டையும் வெண்ணெயும் பன்றியிறைச்சியும் விற்றனர். சிறுவனுக்கோ கடையைவிடக் கிளைட் ஆற்றுத் துறைமுகமே பிடித்திருந்தது. மரத்துண்டைச் செதுக்கி, கடதாசியிலே பாய் கட்டி, மழைநீர்க் குட்டையிற் படகு விட்டுப் போட்டி நடத்துவதே அவனுக்கு விளையாட்டு.

பதின்மூன்று வயதளவில் பள்ளிப்படிப்பு நின்றது. கிளாஸ்கோவுக்கும் பெல்பாஸ்ருக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பலொன்றில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தான். அங்கே சேமித்த காசைக் கொண்டு அமெரிக்கா சென்றான். வேர்ஜீனியாவிற் புகையிலைத் தோட்டம், தென் கரோலினாவில் நெல் வயல், நியூயோர்க்கிற் பலசரக்குக் கடை என்று பல வேலை பார்த்தான். பண்டத்தை அழகாக அடுக்கி, வருவோரை இன்முகம் காட்டி வரவேற்றால் வியாபாரம் பெருகும் என்பதை அந்த நியூயோர்க் கடையிலேதான் கற்றுக்கொண்டான்.

ஊர் திரும்பி 1871இற் சொந்தக் கடை திறந்தார். அவர் செய்த விளம்பரங்களைக் கேட்டால் இன்றும் சிரிப்பு வரும். கொழுத்த பன்றிகளுக்கு ‘லிப்டனின் அநாதைகள்’ என்று பெயர் சூட்டி வீதிவழியே ஊர்வலம் விடுவார். நத்தார்க் காலத்திலே இராட்சதப் பாற்கட்டியினுள் பொற்காசுகளை ஒளித்துத் துண்டு துண்டாக வெட்டி விற்பார். கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் பொலிசார் வர வேண்டியிருந்ததாம். பதினேழு ஆண்டுகளில் அவருடைய கடைகள் ஏறத்தாழ முந்நூறாகின.

1890இல் அவர் இலங்கைக்கு வந்தார். கோப்பிப் பயிரை நோய் அழித்துவிட, தோட்டங்கள் மலிவு விலைக்கு வந்திருந்த நேரம் அது. தம்பேத்தன்னை உட்படச் சில தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகர் எவருமின்றி, தமது தேயிலையைத் தமது கடைகளிலேயே பக்கற்றுகளில் அடைத்து விற்றார். மற்றையோர் இறாத்தல் மூன்று ஷிலிங் வரை விற்ற தேயிலையை இவர் இரண்டு ஷிலிங்குக்கும் குறைத்தே கொடுத்தார். சீமான்களின் பானம் தொழிலாளியின் மேசைக்கும் வந்தது.

அந்த மலிவுக்கு வேறொரு விலையும் இருந்தது. அதைக் கொடுத்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்து, லயன் அறைகளில் ஒடுங்கி, குளிரிலும் மழையிலும் கொழுந்து பறித்த நம் தமிழ் மக்கள். லிப்டன் கொடையாளி என்பதில் ஐயமில்லை. 1897இல் விக்ரோறியா மகாராணியாரின் ஆட்சி அறுபதாண்டு நிறைவின்போது லண்டன் ஏழைகளுக்கு விருந்தளிக்க 25,000 பவுண் வழங்கினார். பின்னர் அங்கே மலிவு உணவுச்சாலை அமைக்க ஒரு இலட்சம் பவுண் கொடுத்தார். பசித்த லண்டன்காரனைக் கண்ட அந்தக் கண்கள் தம்பேத்தன்னை லயன்களை எவ்வாறு கண்டன என்று மலையகத்தை அறிந்த நாம் கேட்காதிருக்க முடியாது. அவருடைய நற்பண்புகளைப் பேசும்போதும் இக்கேள்வி அருகிலேயே நிற்கிறது.

செல்வம் சேர்ந்தபின் சிறுவயது ஆசை மீண்டும் தலைதூக்கியது. அமெரிக்காக் கிண்ணம் என்னும் பாய்க்கப்பற் போட்டியை 1851இல் ‘அமெரிக்கா’ என்ற படகு இங்கிலாந்துக் கடலிலே வென்றது. அன்று முதல் அமெரிக்கர் அக்கிண்ணத்தை எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அதை மீட்க 1899இல் லிப்டன் புறப்பட்டார். படகின் பெயர் ‘ஷாம்றொக்’. புனித பத்திரிசியார் பரிசுத்த தமதிரித்துவத்தின் மறைபொருளை ஐரிஷ் மக்களுக்கு விளக்கக் கையில் எடுத்ததாகப் பாரம்பரியம் கூறும் அதே மூவிலைச் செடியின் பெயர். படகுக்குப் பூசியதும் பச்சை நிறமே.

மூன்று ஓட்டங்களிலும் தோல்வி. 1901இல் இரண்டாம் ஷாம்றொக், 1903இல் மூன்றாம் ஷாம்றொக், முடிவு அதுவே. அறைகூவும் படகு அத்திலாந்திக்கைத் தானே கடந்து வரவேண்டும் என்பது அக்கால விதி. ஆகவே அதை உறுதியாக, கனமாகக் கட்டவேண்டியிருந்தது. உள்ளூர்க் கடலில் மட்டும் ஓடிய அமெரிக்கப் படகுகளுக்கு அந்தச் சுமை இல்லை. விபத்துகளும் தொடர்ந்தன. 1901இல் ஏழாம் எட்வேட் மன்னர் படகில் இருந்தபோதே பாய்மரம் முறிந்து விழுந்தது. தெய்வாதீனமாக எவருக்கும் காயமில்லை. 1903இன் விபத்தில் மாலுமியொருவர் கடலில் மூழ்கி மாண்டார்.

உண்மையைச் சொன்னால், லிப்டன் தாமே சுக்கான் பிடித்த மாலுமியல்லர். படகு ஓட்டியவர்கள் தேர்ந்த தொழிலாளர். அவர் ‘எரின்’ என்ற தமது நீராவிக் கப்பலில் நின்று பார்ப்பவரே. இந்தப் போட்டிகளால் அமெரிக்காவில் அவருடைய தேயிலை நன்றாக விற்பனையானது என்பதும் மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் தோற்ற ஒவ்வொரு தடவையும் வென்றவரை மனதாரப் பாராட்டினார், நடுவர்களைக் குறைகூறவில்லை. விளம்பரம் ஒன்றே நோக்கமாயின் முப்பது ஆண்டுகள் எவரும் இப்படித் தோற்கமாட்டார்.

1914இல் நான்காம் ஷாம்றொக் அத்திலாந்திக்கைக் கடந்துகொண்டிருந்தபோது உலகப் போர் மூண்டது. படகு நியூயோர்க்கிலே தங்கிவிட்டது. லிப்டன் ‘எரின்’ கப்பலைச் செஞ்சிலுவைப் பணிக்குக் கொடுத்தார். 1915இற் கொள்ளைக்காய்ச்சல் மக்களை வாரிக்கொண்டுபோன சேர்பியாவுக்கு மருத்துவரும் தாதியரும் மருந்தும் அதிற் சென்றன. அவரும் நேரிற் சென்று நோயாளர் நடுவே நடமாடினார். மறு ஆண்டு மால்ற்றாத் தீவருகே கண்ணிவெடியில் மோதி அக்கப்பல் மூழ்கியது.

1920இற் போட்டி நடந்தது. முதலிரு ஓட்டங்களும் ஷாம்றொக்குக்கே! இன்னும் ஒன்று வென்றாற் போதும். மூன்றாவதில் இரு படகுகளும் எடுத்த நேரம் ஒன்றாயிருந்தும், சிறிய படகுக்குரிய ஏழு நிமிடச் சலுகையால் அமெரிக்கரின் ‘றெசொலூட்’ வென்றது. அடுத்த இரண்டும் அதற்கே போயின. 1930இல், எண்பத்திரண்டாம் வயதில், ஐந்தாவது ஷாம்றொக்குடன் மீண்டும் வந்தார், மீண்டும் தோற்றார். அமெரிக்க மக்கள் சிறு சிறு தொகையாகப் பணம் சேர்த்து, தோற்ற அவருக்கு ஒரு பொற்கிண்ணம் செய்து நியூயோர்க் நகர மண்டபத்தில் வழங்கினர். இங்கிலாந்தின் உயர்குடியினரது படகுக் கழகமோ, பலசரக்குக் கடைக்காரர் என்று அவரைப் பல்லாண்டுகள் வெளியே நிறுத்தியிருந்தது. 1931இலேதான் கதவைத் திறந்தது.

அவ்வாண்டு ஒக்டோபர் 2ஆம் நாள் லண்டனில் அவர் காலமானார். மணம் செய்யாதவர். சொத்தின் பெரும்பகுதியைக் கிளாஸ்கோ நகருக்கும் அங்குள்ள ஏழைத் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் எழுதிவைத்திருந்தார். லண்டன் வீடு ஓய்வுபெற்ற தாதியருக்கு. உடலைக் கிளாஸ்கோவுக்குக் கொண்டுவந்து, முட்டையும் வெண்ணெயும் விற்ற அந்தத் தாய் தந்தையரின் கல்லறையிலே அடக்கம் செய்தனர்.