வருஷா வருஷம் காரை மாத்த வெச்ச மனுஷர்... ஹார்லி எர்ல் கதை தெரியுமா?

பின்பக்கம் மீன் வால் மாதிரி ரெண்டு துடுப்பு, அதுல ராக்கெட் நெருப்பு போல சிவப்பு விளக்குகள், உடம்பு முழுக்க குரோம், நீளம் கிட்டத்தட்ட 19 அடி. 1959-ம் வருட காடிலாக் காரை ஏதாவது ஒரு போஸ்டரிலாவது நீங்க பார்த்திருப்பீங்க. வின்டேஜ் அமெரிக்கன் கார் என்றதும் பலருக்கும் மனசுல வர்ற உருவம் அதுதான். அந்த உருவத்துக்குப் பின்னால் இருக்கும் மனிதர், ஹார்லி எர்ல்.

குதிரை வண்டிப் பட்டறையிலிருந்து...

1893-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர் எர்ல். அப்பாவுக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் குதிரை வண்டி செய்யும் பட்டறை. கார்கள் வந்ததும், அதே பட்டறை கார்களுக்கு பாடி கட்டும் இடமா மாறிடுச்சு. ஸ்டான்ஃபோர்டுக்குப் படிக்கப் போன எர்ல், படிப்பை முடிக்காமல் பட்டறைக்கே திரும்பிவிட்டார். பக்கத்திலேயே ஹாலிவுட் இருந்தது அவருக்கு அதிர்ஷ்டம். டாம் மிக்ஸ், ஃபேட்டி ஆர்பக்கிள் போன்ற மௌனப்பட நட்சத்திரங்களுக்கு ஸ்பெஷல் கார்கள் செய்துகொடுத்தார்.

அந்தக் காலத்தில் கார் என்றால் ஓடினால் போதும். ஃபோர்டின் மாடல் டி, 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டும்தான் கிடைத்தது. எர்ல் வேற மாதிரி யோசிச்சார். தகட்டைத் தட்டுவதற்கு முன்னால் களிமண்ணில் காரை வடித்துப் பார்ப்பார். களிமண்ணில் எந்த வளைவையும் கொண்டுவரலாம், பிடிக்கலைன்னா அழிச்சுட்டு மறுபடி செய்யலாம். காடிலாக்கின் தலைமைப் பொறுப்பில் இருந்த லாரன்ஸ் ஃபிஷரைக் கவர்ந்தது இந்த வித்தைதான். 

ஃபிஷர் அழைக்க, எர்ல் வடிவமைத்த 1927 லாசால் கார் ஹிட்! உடனே ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன், கார்களின் அழகுக்கென்றே ஒரு தனிப் பிரிவு தொடங்கி, அதை எர்லிடம் ஒப்படைத்தார். கம்பெனியில் இருந்தவர்கள் அதை பியூட்டி பார்லர் என்று கேலி செய்தார்கள். 1929-ல் வந்த ப்யூக், பக்கவாட்டில் உப்பிக்கொண்டு நின்றதால், கர்ப்பிணி ப்யூக் என்று ஊரே சிரித்தது. விற்பனையும் படுத்தது. ஆனாலும் எர்ல் நாற்காலி ஆடவில்லை. 

காரைத் தாழ்வாக்கணும், நீளமாக்கணும்... இந்த ஒரே எண்ணத்தைக் கடைசிவரை விடலை. 1938-ல் ப்யூக் ஒய்-ஜாப் செய்தார். உலகின் முதல் கான்செப்ட் கார் என்று இதைத்தான் சொல்வார்கள். மூடித் திறக்கும் ஹெட்லைட், பட்டனைத் தட்டினால் இறங்கும் கண்ணாடி எல்லாம் அப்பவே அதுல இருந்தது! பி-38 போர் விமானத்தின் வாலைப் பார்த்து வந்த ஐடியா, 1948 காடிலாக்கில் துடுப்பாக முளைத்தது. 1953-ல் ஃபைபர் கிளாஸ் பாடியோடு முதல் கார்வெட் வந்தது. அந்த வருஷம் செய்தது வெறும் 300 கார்கள், எல்லாமே வெள்ளை.

அழகுக்குப் பின்னால் ஒரு கணக்கு

இங்கேதான் எர்லை முழுசா மெச்ச முடியலை. ஸ்லோனும் அவரும் சேர்ந்து செய்த வியாபாரமே, ஒவ்வொரு வருஷமும் காரின் தோற்றத்தை மாற்றுவதுதான். உள்ளே பெரிய மாற்றம் இருக்காது. ஆனால், பக்கத்து வீட்டு வாசலில் புது மாடல் நின்றால், நல்லா ஓடுற உங்க காரே உங்களுக்குப் பழசாத் தெரியும். அப்படித் தெரியணும் என்பதுதான் திட்டம். 1958 கடைசியில் எர்ல் ஓய்வு பெற்றார். 1965-ல் வெளியான ரால்ஃப் நேடரின் புத்தகம், பாதுகாப்பைவிட ஸ்டைலுக்கு முக்கியத்துவம் தருவதாக கார் கம்பெனிகளை வெளுத்து வாங்கியது. கூரான துடுப்புகளும் அதில் தப்பவில்லை. 1969-ல் எர்ல் இறந்தபோது, துடுப்பு வைத்த கார்களின் காலம் முடிந்தே போயிருந்தது.

வாங்கற ஆசை இருக்கா?

அந்தக் காலத்து அமெரிக்கன் கார் வாங்கும் ஆசை இருந்தால், எர்லின் இந்தக் கணக்கை மனதில் வையுங்கள். வருஷத்துக்கு வருஷம் மாறியது கிரில், பம்பர், குரோம் பட்டை, விளக்கு. அதனால் ஒரு வருஷத்து அலங்காரப் பொருள் அடுத்த வருஷத்து மாடலுக்குப் பெரும்பாலும் சேராது. இன்ஜினுக்குப் பாகம் தேடுவதைவிட, ஒரு குரோம் பட்டைக்கோ வளைந்த முன்பக்கக் கண்ணாடிக்கோ அலைவதுதான் பெரிய தலைவலி. ஆகவே, இன்ஜின் சத்தத்தில் மயங்குவதற்கு முன்னால், வெளியே எல்லாப் பாகமும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அடிப்பக்கம் குனிந்து துருவையும் பாருங்கள். பளபள பெயின்ட் எதையும் மறைக்கும்.

வாங்க வசதி இல்லையா? ரசிக்கக் காசு வேண்டாமே! அடுத்த முறை ஒரு வின்டேஜ் கார் ஷோவுக்குப் போனால், பத்தடி தள்ளி, பக்கவாட்டில் நில்லுங்கள். குரோமை மறந்துட்டு, ஹெட்லைட்டில் தொடங்கி வால் வரை ஓடும் அந்த ஒற்றைக் கோட்டை மட்டும் கண்ணால் தொடருங்கள். களிமண்ணில் எர்ல் தேடியது அதைத்தான்.

இன்னொரு விஷயம். அந்த ஒய்-ஜாப்பை எர்ல் ஷோகேஸில் பூட்டி வைக்கலை. ரோட்டில் வருஷக்கணக்கில் அவரே ஓட்டித் திரிந்தார். அடுத்த வருஷமே உங்களுக்கு அலுத்துப்போகணும் என்று கார் செய்த மனிதருக்கு, தன்னுடைய காரை மட்டும் லேசில் விட மனசு வரலை. இன்றைக்கு அவர் காலத்துக் கார்களைத் துடைத்துத் துடைத்து வைத்திருப்பவர்களுக்கும் அதே வியாதிதான்!