டாக்டர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்

கொச்சியில் வளர்ந்த என் வயதினருக்கு யானைக்கால் நோயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மட்டாஞ்சேரித் தெருக்களில் வீங்கிய காலுடன் நடப்பவர்களைத் தினமும் பார்த்திருக்கிறோம். ஆங்கிலேயர் அதைக் 'கொச்சிக் கால்' என்றே அழைத்தனர். அதன் கிருமி ரத்தத்தில் இரவில்தான் உலவும் என்பதால், சுகாதார ஊழியர்கள் இரவில் வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். கிருமி இருந்தால் டைஎத்தில்கார்பமசின் மாத்திரை தருவார்கள். 1947-ல் அம்மருந்து உருவான ஆய்வுக்கூடத்தின் தலைவர் சென்னையில் படித்த ஒரு டாக்டர் என்பதைப் பல வருடங்களுக்குப் பிறகே அறிந்தேன்.

சுப்பாராவ் 1895-ல் பீமவரத்தில் பிறந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்திஜியின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்தது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. அதனால் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார். உண்ட உணவின் சத்து உடலில் ஒட்டாத ஸ்ப்ரூ என்னும் நோய்க்குச் சகோதரர்கள் இருவரைப் பறிகொடுத்திருந்தார். அந்தத் துயரம் அவர் மனதை விட்டு அகலவில்லை.

1920-களில் அமெரிக்கா சென்றார். மருத்துவமனையில் இரவுப் பணியாளாக வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்தார். 1940-ல் லெடர்லே நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு அவர் குழு செயற்கையாகத் தயாரித்த ஃபோலிக் அமிலம் ஸ்ப்ரூ நோய்க்கே மருந்தாயிற்று.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். நோய் தணியவில்லை, வேகமாக வளர்ந்தது. அப்படியானால் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுத்தால் நோய் அடங்குமே என்று யோசித்தார். அவ்வாறு தடுக்கும் அமினோப்டெரின் என்ற மருந்தைச் சுப்பாராவின் குழு தயாரித்து அளித்தது. 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட அறிக்கையின்படி, 16 குழந்தைகளில் 10 பேருக்குக் குணம் தெரிந்தது. தற்காலிகக் குணம்தான். ஆயினும், கைவிரித்து நின்ற பெற்றோருக்கு அதுவே முதல் நம்பிக்கை.

இரண்டே மாதத்தில், ஆகஸ்டில், சுப்பாராவ் 53-வது வயதில் மாரடைப்பால் காலமானார். தாய்நாட்டுக்கு அவர் திரும்பவேயில்லை. 1995-ல் நம் அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

அமினோப்டெரினின் வழிவந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் இக்குழந்தைகளுக்குத் தரப்படுகிறது. பிற மருந்துகளும் சேர்ந்து, நல்ல சிகிச்சை பெறும் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். பட்டம் குறைந்ததால் மனம் தளராத இவரைப் பற்றி, மதிப்பெண் குறைந்து வாடும் நம் பேரக்குழந்தைகளுக்கு அவசியம் சொல்லுங்கள்.